தனி ஆவர்த்தனத்தின்போது எழுந்திருக்காத வீடு

நேயர்கள் அனைவருக்கும் என் வணக்கம். இசையை நேசித்த ஒரு குடும்பத்தில் வளர்ந்து மிருதங்கக் கலைஞனாக ஆனதைப் பற்றிப் பேசவேண்டும் என்று நிலையத்தார் கேட்டுக்கொண்டார்கள். முதலிலேயே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். எங்கள் குடும்பத்தில் எனக்கு முன்னால் மேடையேறியவர் ஒருவரும் இல்லை. தாத்தா கும்பகோணத்தில் கூட்டுறவு வங்கி ஒன்றில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். அப்பா ஜவுளிக் கடையில் கணக்கு எழுதினார். பாட்டியும் அம்மாவும் அத்தையும் வேலை செய்துகொண்டே தமக்குள் முணுமுணுப்பார்களே தவிர, நவராத்திரிக் கொலுவில்கூட யாரும் வற்புறுத்தினால்தான் வாய் திறப்பார்கள். ஆனால் அவர்கள் அத்தனை பேரும் கேட்கத் தெரிந்தவர்கள். நான் இன்று பேச விரும்புவது அந்தக் கேட்கும் பழக்கத்தைப் பற்றித்தான்.

எங்கள் வீட்டில் ஒரே ஒரு சட்டம் இருந்தது. வானொலியில் கச்சேரி நடக்கும்போது யார் வேண்டுமானாலும் எழுந்து போகலாம், வரலாம், அரிசி புடைக்கலாம், பாடம் எழுதலாம். தனி ஆவர்த்தனம் தொடங்கிவிட்டால் மட்டும் அது முடியும்வரை ஒருவரும் எழுந்திருக்கக் கூடாது. பாட்டி அடுப்பைத் தணித்துவிட்டுக் கூடத்துக்கு வந்து தூணில் சாய்ந்து உட்கார்ந்துவிடுவார். எல்லோருடைய வலது கையும் தொடையில் தாளம் போடத் தொடங்கும்.

தனி ஆவர்த்தனம் என்பது என்ன என்று நேயர்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். புதிதாகக் கேட்பவர்களுக்காகச் சொல்கிறேன். கச்சேரியின் பிரதான உருப்படியில், ஒரு வரியையே பல விதமாகப் பாடும் நிரவலும், ஸ்வரங்களை அந்த நேரக் கற்பனையில் கோத்துப் பாடும் கற்பனை ஸ்வரமும் முடிந்தபின், பாடகரும் வயலின்காரரும் நிறுத்திக்கொள்ள, மிருதங்கமும் உடன் கடமோ கஞ்சிரா என்ற சிறு கைப்பறையோ இருந்தால் அதுவும் அதே தாளத்துக்குள் தனித்து வாசிக்கும் பகுதி அது. அதுவரை ஒன்றரை மணி நேரம், இரண்டு மணி நேரம், பிறருடைய பாட்டுக்கு அணைவாக வாசித்து வந்த ஒரு மனிதருக்குத் தம் மனத்தில் இருப்பதைச் சொல்லக் கிடைக்கும் பத்துப் பதினைந்து நிமிடம் அதுதான். அந்தப் பத்துப் பதினைந்து நிமிடத்தில்தான் அரங்கில் பாதிப் பேர் காப்பி குடிக்க எழுந்து போகிறார்கள்.

எழுந்து போகிறவர்கள்மீது எனக்குக் கோபம் இல்லை. கடைசிப் பேருந்தைப் பிடிக்கவேண்டியவர்கள் உண்டு, உட்கார்ந்து முதுகு வலித்தவர்கள் உண்டு. ஆனால் பெரும்பாலானவர்கள் போவதற்குக் காரணம், அங்கே என்ன நடக்கிறது என்பதைக் கேட்டறியும் வழியை அவர்களுக்குச் சிறு வயதில் யாரும் காட்டிக்கொடுக்கவில்லை என்பதுதான் என்று நான் நம்புகிறேன். எனக்குக் காட்டிக்கொடுக்க ஒரு வீடே இருந்தது.

1964ஆம் ஆண்டு என்று நினைவு. எனக்கு அப்போது எட்டு வயது. சனிக்கிழமை இரவு ஒன்பதரை மணிக்கு அகில பாரத இசை நிகழ்ச்சி ஒலிபரப்பாகும். எங்களிடம் இருந்தது வால்வு ரேடியோ. விசையைத் திருப்பியவுடன் பேசாது. முள் ஓடும் கண்ணாடிக்குப் பின்னால் விளக்கு எரியும், பிறகு சற்றுப் பொறுத்துத் தூரத்திலிருந்து நடந்து வருவதுபோல ஒலி மெல்ல மெல்ல நெருங்கி வரும். அன்று காம்போதி ராகத்தில் விரிவாகப் பாடி, ஆதி தாளத்தில் தனி ஆவர்த்தனம் தொடங்கியிருந்தது. சட்டப்படி நாங்கள் எல்லோரும் கூடத்தில் அமர்ந்து தாளம் போட்டுக்கொண்டிருந்தோம். திடீரென்று மின்சாரம் நின்றுவிட்டது. கூடம் முழுவதும் இருட்டு.

நான் எழுந்திருக்கப் போனேன். இருட்டிலிருந்து தாத்தாவின் குரல் வந்தது: "யாரும் கையை நிறுத்தாதீங்க. அங்க அவர் வாசிச்சுக்கிட்டுதானே இருக்கார்?"

அந்தச் சொல்லை நான் வாழ்நாள் முழுவதும் மறக்கவில்லை. எங்களுக்குக் கேட்கவில்லை என்பதற்காக அவர் வாசிப்பது நின்றுவிடவில்லை. எங்கோ ஓர் ஒலிபரப்புக் கூடத்தில் தாளம் நடந்துகொண்டிருக்கிறது. இங்கே கும்பகோணத்தில் எங்கள் வீட்டு இருட்டிலும் அது நடக்கவேண்டும். ஒரு தட்டு, மூன்று விரல் எண்ணிக்கை. பிறகு ஒரு தட்டும் வீச்சும், மறுபடி ஒரு தட்டும் வீச்சும். எட்டு எண்ணிக்கை முடிந்து மீண்டும் முதல் தட்டு. ஏழு பேருடைய கைகள் தொடையில் விழும் ஓசையைத் தவிர வீட்டில் வேறு ஓசையே இல்லை. முதலில் எல்லாக் கைகளும் சற்று முன்பின்னாக விழுந்தன; போகப் போக ஒரே கைபோல விழத் தொடங்கின.

நான்கைந்து நிமிடம் கழித்து மின்சாரம் வந்தது. விளக்கு எரிந்தது, ரேடியோ இன்னும் பேசவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் வெளிச்சம் மட்டும் தெரிய, நாங்கள் தாளத்தை விடாமல் காத்திருந்தோம். பிறகு மிருதங்கத்தின் ஒலி எழும்பி வந்தது. எங்கள் தாளத்தோடு அது பொருந்தவில்லை. எவ்வளவு விலகியிருக்கிறோம் என்பதும் தெரியவில்லை, ஏனென்றால் வாசிப்பின் நடுவில் புகுந்தவனுக்குத் தாளத்தின் தொடக்கமாகிய சமம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பது எளிதன்று. தாத்தாவின் கை நின்றுவிட்டது, அப்பாவின் கையும் நின்றுவிட்டது.

பாட்டி மட்டும் கண்களை மூடிக்கொண்டிருந்தார். மிருதங்கத்தில் ஒரு நீண்ட கோர்வை, அதாவது வாசிப்பை முடித்துவைக்கும் சொற்களின் அடுக்கு, போய்க்கொண்டிருந்தது. கோர்வையின் இறுதிப் பகுதி பெரும்பாலும் மூன்று முறை திரும்ப வரும்; மூன்றாவது முறை முடிந்தவுடன் உரிய இடத்தில் வந்து விழும். பாட்டிக்கு அந்தப் பெயர்களெல்லாம் தெரியுமா என்பதுகூட எனக்குத் தெரியாது. ஆனால் "ரெண்டு ஆச்சு" என்று மெதுவாகச் சொன்னார். சற்றுப் பொறுத்துத் தன் தொடையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். அதே தட்டில் கோர்வை முடிந்தது. பாடகர் பல்லவியை எடுத்துக்கொண்டார். தாத்தா பாட்டியைப் பார்த்த பார்வையை எப்படி விவரிப்பது என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை. நாற்பது ஆண்டு கூடவே வாழ்ந்தவரை அன்றுதான் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

மறுநாள் காலையில் தாத்தா ஒரு படி நிறையப் புளியங்கொட்டையை எடுத்துக்கொண்டு என்னைக் கூடத்தில் உட்கார வைத்தார். ஆதி தாளத்தில் எட்டு எண்ணிக்கை. ஒவ்வொன்றிலும் 'தகதிமி' என்று நான்கு. ஆக ஓர் ஆவர்த்தனத்துக்கு, அதாவது தாளத்தின் ஒரு சுற்றுக்கு, 32 கொட்டைகள். அவற்றை மூன்று மூன்றாக, 'தகிட தகிட' என்று அடுக்கச் சொன்னார். 10 அடுக்கு வந்தது, 2 கொட்டைகள் மிஞ்சின. அழுதுவிடுவேன் போலிருந்தது. இன்னும் இரண்டு ஆவர்த்தனத்துக்கான கொட்டைகளைச் சேர்க்கச் சொன்னார். மொத்தம் 96. இப்போது மூன்று மூன்றாக அடுக்கினால் 32 அடுக்கு, ஒன்றும் மிஞ்சவில்லை.

இதை நீங்கள் இப்போதே செய்து பார்க்கலாம். வண்டி ஓட்டிக்கொண்டு கேட்பவர்கள் மட்டும் வீட்டுக்குப் போனபின் செய்யுங்கள். கையில் ஆதி தாளம், வாயில் அதே வேகத்தில் 'தகிட தகிட'. தாளமும் சொல்லும் முதல் சுற்றில் பிரிந்துபோகும், இரண்டாம் சுற்றிலும் பிரிந்தே நிற்கும், மூன்றாம் சுற்றின் முடிவில் சேர்ந்துகொள்ளும். பிரிந்து நிற்கும்போது மனத்தில் ஏற்படும் தவிப்பும் சேரும்போது ஏற்படும் நிறைவும்தான் தனி ஆவர்த்தனத்தின் உயிர். ஓர் எண்ணிக்கைக்குள் நான்குக்குப் பதிலாக மூன்று, ஐந்து, ஏழு என்று வரும்படி திஸ்ரம், கண்டம், மிஸ்ரம் என நடை மாற்றி வாசிப்பதும், குறைப்பு என்று மிருதங்கமும் கஞ்சிராவும் மாறி மாறிச் சுருக்கிக்கொண்டே வருவதும் இந்தத் தவிப்பையும் நிறைவையும் பல விதமாக எழுப்புவதற்காகத்தான். கையில் தாளம் இல்லாமல் கேட்டால் வெறும் வேகம்தான் காதில் விழும். ஆகவே கையில் தாளம் போடுங்கள் என்று மறுபடியும் கேட்டுக்கொள்கிறேன். தவறாகப் போட்டாலும் குற்றமில்லை. அன்று எங்கள் வீட்டில் ஏழு பேரும் தவறாகத்தான் போட்டுக்கொண்டிருந்தோம்.

அந்தப் புளியங்கொட்டைக்குப் பிறகு நான் அடம்பிடித்து மிருதங்கம் கற்கச் சேர்ந்தேன். குருநாதர் முதல் ஆறு மாதம் கருவியைத் தொடவிடவில்லை. 'தகதிமி' போன்ற சொற்கட்டுகளை வாயால் சொல்லவைத்தார். தொப்பியில் ரவையைப் பிசைந்து அப்புவதற்கு மட்டும் அனுமதி கிடைத்தது. இடப்பக்கமாகிய தொப்பியின் நடுவில் ஈர ரவை எவ்வளவு இருக்கிறதோ அதைப் பொறுத்து அதன் கும்காரம் ஆழமாகும். வாசித்து முடித்ததும் அதைச் சுரண்டி எடுத்துவிடவேண்டும்.

1966ஆம் ஆண்டுக்கான சங்கீத கலாநிதி விருது பாலக்காடு மணி ஐயருக்கு அளிக்கப்பட்டது. மிருதங்கக் கலைஞர் ஒருவருக்குச் சென்னை மியூசிக் அகாடமி அந்த விருதை அளித்தது அதுவே முதல் முறை. செய்தித்தாளை இரண்டு முறை படித்துவிட்டுத் தாத்தா, வீட்டில் பிறந்தநாள் எதுவும் இல்லாதபோதும், பாட்டியிடம் பாயசம் வைக்கச் சொன்னார். பக்கவாத்தியம் என்று ஓரமாக வைத்திருந்த ஒன்றுக்கு நடுவில் இடம் கிடைத்ததுபோல அவர் மகிழ்ந்தார்.

நான் முதன்முதலில் முழுக் கச்சேரிக்கு வாசித்தது ஒரு ராமநவமி உற்சவத்தில். எனக்குப் பதினேழு வயது. பாடகர் தனி ஆவர்த்தனத்துக்குக் கண்ணைக் காட்டினார். நான் தொடங்கியதும் பந்தலில் நாற்காலிகள் நகரும் ஓசை கேட்டது. நிமிர்ந்து பார்க்கக் கூடாது என்று குருநாதர் சொல்லியிருந்தும் பார்த்தேன். ஆட்கள் எழுந்து போய்க்கொண்டிருந்த வரிசைகளுக்கு நடுவே எங்கள் வீட்டார் ஐந்து பேர் அசையாமல் அமர்ந்து தாளம் போட்டுக்கொண்டிருந்தார்கள். பாட்டி அதற்கு முந்தைய ஆண்டு காலமாகிவிட்டார். என் கோர்வையின் மூன்றாவது முறை வந்தபோது தாத்தா தம் தொடையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். அது பாட்டியின் தட்டு.

இன்னும் மூன்று நிமிடமே இருப்பதாகக் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கை காட்டுகிறார்கள். மிருதங்கம் செய்பவர்களைப் பற்றி விரிவாகப் பேசவேண்டும் என்று தனித் தாளில் குறித்து வந்திருந்தேன். இப்போது கொஞ்சம்தான் சொல்ல முடியும். பலா மரத்தைக் குடைந்து, ஆடு, மாடு, எருமை ஆகியவற்றின் தோலைப் பதப்படுத்தி, வலப்பக்கமாகிய வலந்தலையின் நடுவில் சோறு என்று சொல்லும் கரிய பசையைப் படலம் படலமாகத் தேய்த்து ஏற்றி, ஒரு மரத்துண்டுக்கு நாதம் கொடுப்பவர்கள் அவர்கள். பாலக்காடு மணி ஐயருக்குத் தஞ்சாவூர் பர்லாந்து பல ஆண்டுகள் மிருதங்கம் செய்து கொடுத்தார். எனக்குச் செய்து கொடுத்தவரும் அந்தப் பக்கத்துக்காரர்தான். ஆண்டுக்கு நான்கு முறை எங்கள் வீட்டுக்கு வருவார். ஒரு நாளும் அவரை நாங்கள் கூடத்துக்குள் அழைத்ததில்லை. திண்ணையிலேயே உட்கார்ந்து வாரை இழுத்துக் கட்டிவிட்டுப் போவார். மேடையில் தோலைத் தொடும் என் கையை மெச்சிய வீடு, அந்தத் தோலைச் செய்த கையைத் திண்ணையிலேயே நிறுத்தியது. அத்தனை நன்றாகக் கேட்கத் தெரிந்த எங்கள் வீட்டில் இதைப் பற்றி ஒருவரும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. இது எனக்கு இன்றும் ஆறவில்லை.

அவர் வேலை முடிந்ததும் சுருதி சேர்ப்பதற்காக ஒரு கல்லாலும் சிறு கட்டையாலும் விளிம்பைச் சுற்றித் தட்டுவார். ஒரு தட்டு, ஒரு மீட்டு, மறுபடி ஒரு தட்டு. நான் நிலைப்படிக்கு உள்ளே அமர்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். விளிம்பு முழுவதும் ஒரே சுருதியில் வந்து சேரும் அந்தக் கணத்தை அவர் தலை நிமிர்த்தி என்னைப் பார்ப்பதிலிருந்து அறிந்துகொள்வேன். பிறகு, அவர் பார்ப்பதற்கு முன்பே என் காதுக்குத் தெரியத் தொடங்கியது.

நேரம் முடிந்துவிட்டது. நேயர்களுக்கு நன்றி, வணக்கம்.