டீ குடிக்கிற அணி

நடுவர் அவர்களே, சில்க் போர்டு சிக்னலைத் தாண்டி உயிரோட வந்து உட்கார்ந்திருக்கிற பெங்களூர்த் தமிழர்களே, வணக்கம்.

"உள்நாட்டுப் போரில் சிக்கிய மக்களுக்கு உதவியைக் கொண்டு சேர்ப்பது பேச்சா, பலமா?" பேச்சே! தலைப்பு முடிஞ்சுது. இப்ப எதிரணி அண்ணனுக்கு வர்றேன்.

அண்ணன் என்ன சொன்னார்? "ஜெனீவாவுல ஏசி ரூம்ல உட்கார்ந்து டீயும் பிஸ்கட்டும் சாப்பிடுறதுக்குப் பேருதான் ராஜதந்திரம்"னார். கை தட்டினீங்க. நானும் தட்டினேன், எங்க அணித்தலைவி முறைச்சதும் நிறுத்திட்டேன்.

அண்ணே, 2024 கோடை. ஊரே தண்ணிக்கு அலைஞ்ச நேரம். எங்க அபார்ட்மெண்ட்ல ரெண்டு அசோசியேஷன். தோத்துப்போன தலைவர் நாற்காலியை விடலை, ஜெயிச்சவர் சாவியை விடலை. டேங்கர் வந்து கேட்ல நிக்குது. "பில்லுல என் பேர் இருந்தாத்தான் உள்ளே"ங்கிறார் பழையவர். "பி பிளாக்குக்கு ஒரு சொட்டு ஊத்தக் கூடாது"ங்கிறார் புதியவர். டிரைவர் வண்டியை ஸ்டார்ட் பண்றான், "ஹோக்தீனி சார்", கிளம்புறேன்கிறான்.

மூணாவது மாடியில நம்ம அண்ணன் மாதிரியே ஒருத்தர். பால்கனியில நின்னு, "கேட்டை உடைங்கடா!"ன்னார். சொல்லிட்டு உள்ளே போய் ஏசி போட்டுக்கிட்டார். மறுபடி சொல்றேன் கேளுங்க. கேட்டை உடைக்கச் சொன்னவர் கீழே இறங்கவே இல்லை! உடைச்சா இன்னைக்குத் தண்ணி வரும். நாளைக்கு எந்த டேங்கர்காரன் வருவான்?

கிரவுண்ட் ஃப்ளோர் பாட்டி கிளம்பினாங்க. கையில ஃபிளாஸ்க். பழையவர் வீட்டுல ஒரு டீ. புதியவர் வீட்டுல ஒரு டீ. திரும்பப் பழையவர் வீடு, இந்தத் தடவை பிஸ்கட்டோட. பில் யார் பேர்லயும் வேண்டாம், ரெண்டு பிளாக்குக்கும் சமமா ஊத்தணும், பக்கத்துக்கு ஒரு ஆள் நின்னு பார்த்துக்கலாம். ரெண்டு கையெழுத்து, கேட் திறந்துச்சு!

1989-ல சூடான்ல நடந்ததும் அதுதானே? கார்த்தூம் அரசு, தெற்குப் போராளிகள், நடுவுல ஐ.நா. ரெண்டு பக்கமும் ஒத்துக்கிட்ட பிறகுதான் ஐ.நா.வோட உதவித் திட்டம் 'ஆபரேஷன் லைஃப்லைன் சூடான்' நகர்ந்துச்சு. சிரியாவுக்கு உதவி லாரி போக 2014-ல ஐ.நா. பாதுகாப்பு சபை 4 எல்லை வாசலை அனுமதிச்சுது. 2020-ல ரஷ்யா, சீனா போட்ட வீட்டோவுல, அதாவது தடுப்பு ஓட்டுல, மிஞ்சினது 1 வாசல், பாப் அல்-ஹவா. பேச்சு தோத்த வாசல்ல லாரியும் நின்னுபோச்சு.

அண்ணன் 1987-ஐயும் இழுத்தார், போர்ல சிக்கின யாழ்ப்பாணத்துக்கு இந்தியா உதவி அனுப்பின கதை. ஜூன் 3, ராமேஸ்வரத்துலேர்ந்து 19 படகு. இலங்கைக் கடற்படை திருப்பி அனுப்பிடுச்சு. மறுநாள் இதே பெங்களூர்லேர்ந்து 5 ஏ.என்.-32 சரக்கு விமானம் யாழ்ப்பாணத்துல பொதிகளைப் போட்டுச்சு. "பேசியா போட்டாங்க?"னு கேட்டார். பேசித்தான் அண்ணே! டெல்லியில இலங்கைத் தூதரைக் கூப்பிட்டு வெளியுறவு இணையமைச்சர் நட்வர் சிங் சொல்லிட்டார், தடுத்தா, துணைக்கு வர்ற மிராஜ் போர் விமானம் பதில் சொல்லும்னு. மிரட்டலா? மிரட்டுறதும் வாயாலதானே! அப்படியும் விழுந்தது சுமார் 25 டன். ஒரு தீபகற்பத்துக்கு அது எத்தனை வேளைக்குக் காணும்? அப்புறம் கொழும்பு சம்மதிச்சுத்தான் கப்பல் போச்சு.

சிரிச்சது போதும். 2008 செப்டம்பர், கிளிநொச்சி. பாதுகாப்புக்கு உத்தரவாதம் இல்லைன்னு இலங்கை அரசு சொல்லிடுச்சு, ஐ.நா. ஆட்கள் கிளம்புறாங்க. சனம் வாசல்ல நின்னு, போகாதீங்கன்னு கெஞ்சுது. போயிட்டாங்க. அடுத்த மே வரைக்கும் நடந்ததை இந்த அரங்கத்துல நான் சொல்லணுமா?

அதுக்குள்ளேயும் புதுமாத்தளன் கரைக்கு ஒரு கப்பல் வந்துச்சு. செஞ்சிலுவைச் சங்கத்துக் கப்பல். அரசு, புலிகள்னு ரெண்டு பக்கத்தோடயும் பேசிப் பேசி, காயம்பட்டவங்களை ஆயிரக்கணக்குல திருகோணமலைக்கும் புல்மோட்டைக்கும் ஏத்திட்டுப் போச்சு. மே மாசம் நடுவுல அதுவும் கரையை நெருங்க முடியலை. சாப்பாட்டு மூட்டையோட கடல்ல நிக்குது. கரையில கிடந்தது யாரு, நடுவர் அவர்களே? நம்ம அக்கா தங்கச்சி, நம்ம பிள்ளைங்க. நம்ம பிள்ளைங்க, ஐயா! வணக்கம்.