பத்து வீத பியரும் யாழ்ப்பாண வெக்கையும்

வணக்கம் உறவுகளே. மேசையில் இரண்டு போத்தல் நிற்கிறது, பாருங்கோ. இரண்டும் ஒரே தடவையில் காய்ச்சின பார்லிவைன், பெயரில்தான் வைன், உண்மையில் கடுமையான பியர், 10 வீத மதுசாரம். ரொறன்ரோவில் இருக்கிற அண்ணா தன் வீட்டு பேஸ்மென்டில் செய்து, போன வருஷம் ஊருக்கு வரும்போது கொண்டுவந்தவர். வந்த கையோடு வேறொரு போத்தலை உடைத்துக் குடித்தோம், தொண்டை எரிந்தது. "வைத்துக் குடி, அடங்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஒன்றைப் பிரிஜ்ஜில் வைத்தேன். மற்றது அறை அலுமாரிக்குள், சித்திரை வைகாசி வெக்கை முழுவதும் பட்டுக்கொண்டு கிடந்தது.

ஒன்றை முதலே சொல்லிவிடுகிறேன். இலங்கையில் அனுமதிப்பத்திரம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். கனடாவில் சொந்தப் பாவனைக்குக் காய்ச்சலாம். இங்கிலாந்தில் 1963 இலிருந்து அதற்கு லைசன்ஸ் தேவையில்லை. அங்கே காய்ச்சுகிற உறவுகளுக்கும், அவர்கள் கொண்டுவந்து தருவதை இங்கே வைத்திருக்கிறவர்களுக்கும்தான் இந்தக் காணொளி.

சரி, பிரிஜ்ஜில் இருந்ததை முதலில் திறப்போம். அரை மணித்தியாலம் முன்பே வெளியே எடுத்து வைத்துவிட்டேன், சில்லென்று இருந்தால் மணமே தெரியாது. நிறத்தைப் பாருங்கோ, பனங்கட்டிப் பாகு மாதிரி. தோடம்பழத் தோல் மணம் இருக்கிறது. ஆனால் மூக்கைக் கிட்டக் கொண்டுபோனால் மதுசாரம் குத்துகிறது, விழுங்கினால் நெஞ்சுவரை சுடுகிறது. அன்றைக்குக் குடித்ததற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. 4 பாகைக் குளிரில் எல்லாம் அவ்வளவு மெதுவாக நடக்கிறது.

இப்போது அலுமாரிப் போத்தல். நிறம் இன்னும் கறுத்திருக்கிறது, நுரை உடனே விழுந்துவிட்டது. எரிவு குறைந்திருக்கிறது, அது உண்மை. முந்திரிகை வற்றல், பேரீச்சம்பழ ருசி வந்திருக்கிறது, அருமை. ஆனால் விழுங்கின பிறகு நனைந்த காட்போட் மட்டை வாசம். அடியில் ஊற்ற ஊற்ற சோயா சோஸ் மாதிரி ஒரு உப்புக் கசப்பு. காட்போட் வாசம் ஒட்சிசன் பட்டதால் வருவது. சோயா சோஸ் வாசம், அடியில் படிந்த ஈஸ்ட் வெக்கையில் செத்து உடைந்து தன் உள்ளுடனைப் பியருக்குள் விட்டதால் வருவது.

இதில் நான் அழுத்திச் சொல்ல நினைக்கிறது ஒன்றுதான். மதுசாரம் எங்கேயும் போகவில்லை. மூடின போத்தலுக்குள் 10 வீதம் பத்து வருஷம் கழித்தும் 10 வீதம்தான். எரிவு குறைந்த மாதிரித் தெரிவது வேறு காரணங்களால். ஈஸ்ட் மிச்சத்தைத் துப்புரவாக்குகிறது, பச்சை அப்பிள் மாதிரி மணக்கும் அசற்றல்டிகைட் குறைகிறது, பியரில் போடுகிற ஹொப்ஸ் பூவின் கசப்பு தணிகிறது, பழ ருசிகள் மேலே வந்து எரிவை மூடுகின்றன. நாக்குக்கு மெதுவாக இருக்கிறது என்று இரண்டு கிளாஸ் குடித்துவிட்டு மோட்டார் சைக்கிளில் ஏறாதீர்கள்.

இன்னொரு வகை எரிவு இருக்கிறது, பெயின்ற் தின்னர் மாதிரி. அது பியூசல் அல்ககோல். கூடின சூட்டில் ஈஸ்ட் அவசரப்பட்டு வேலை செய்யும்போது உண்டாவது. வைத்திருந்தால் கொஞ்சம் மறையும், முழுதாகப் போகாது. அதனால் காய்ச்சுகிற உறவுகளே, போத்தலை எத்தனை வருஷம் வைப்பது என்று யோசிக்க முதல், புளிக்கும் முதல் மூன்று நாளும் வாளியை 18, 20 பாகைக்குள் வைத்திருங்கோ. ஈஸ்டைக் கஞ்சத்தனம் இல்லாமல் போடுங்கோ. பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

அப்ப எங்கே வைப்பது? 10 இலிருந்து 13 பாகை, இருட்டு, நிமிர்த்தின போத்தல். சூடு 10 பாகை கூடினால் பியர் பழுதாகும் வேகம் இரண்டு மடங்காவது ஆகும். எங்கள் அறைகள் 30 பாகை. கணக்கைப் பாருங்கோ, நிலவறையில் ஒரு வருஷத்தில் நடப்பது இங்கே மூன்று நான்கு மாதத்தில் நடந்துவிடும், அதுவும் நல்லதை விடக் கெட்டது முந்திக்கொண்டு வரும். கிணற்றுக்குள் இறக்கினால் என்ன என்று அப்பா கேட்டார். நல்ல யோசனைதான், வெயில் படாது, சூடு ஏறி இறங்காது. ஆனால் யாழ்ப்பாணக் கிணற்றுத் தண்ணீரும் கிட்டத்தட்ட 28 பாகைதான். நுவரெலியாவில் சராசரி 16 பாகை, வெள்ளைக்காரன் இந்த நாட்டில் பியர் காய்ச்சத் தொடங்கினதும் அங்கேதான். எங்கள் மண்ணின் குடி கள்ளு. காலையில் இறக்கினது பின்னேரத்துக்குள் புளித்துவிடும், அதை வைத்துக் குடிக்க யாரும் நினைப்பதில்லை.

காசு இருந்தால் வைன் கூலர் வாங்கலாம். இல்லாவிட்டால் பழைய பிரிஜ் ஒன்றுக்கு வெளியே தெர்மோஸ்டாட் பூட்டி 12இல் நிறுத்தலாம். கரண்ட் பில் வரும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கோ.

நான் அண்ணாவுக்குச் சொல்லிவிட்டேன், மிச்சப் பெட்டி அவர் பேஸ்மென்டிலேயே இருக்கட்டும் என்று. அங்கேயே முதிர்ந்த பிறகு, வருகிற வருஷம் லீவுக்கு வரும்போது கொண்டுவரட்டும், வந்த கிழமைக்குள் குடித்துவிடலாம்.