‘ஜிஎன்எக்ஸ்’ ஆல்பத்தில் விஞ்சி நிற்பது நிறையே!

நடுவர் அவர்களே, எதிரணித் தோழர்களே, எந்த அணி பேசினாலும் கைதட்டும் முன்வரிசை நண்பர்களே, வணக்கம்.

அமெரிக்க ராப் பாடகர் கென்ட்ரிக் லமாரின் ‘ஜிஎன்எக்ஸ்’ ஆல்பத்தில் விஞ்சி நிற்பது நிறையா, குறையா? எனக்கு முன் பேசிய தோழர் குறையே என்று மூன்று குற்றச்சாட்டு வைத்தார். 2015-இல் ‘டு பிம்ப் எ பட்டர்ஃப்ளை’ என்ற கனமான ஆல்பத்தைத் தந்தவர் இவ்வளவு இலேசான ஆல்பம் போடலாமா? பாட்டுச் சண்டையில் சக ராப்பர் டிரேக்கை ஜெயித்த பிறகும் கோபம் ஏன் தீரவில்லை? பெயர் தெரியாத பையன்கள் இத்தனை பேர் எதற்கு?

கோபத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதில் தோழருக்குக் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. ஆல்பம் தொடங்கியதும் தொடங்காததுமாக ஒரு பஞ்சாயத்து. அமெரிக்கக் கால்பந்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலின் இடைவேளை நிகழ்ச்சி நியூ ஆர்லியன்ஸில். அந்த ஊர்க்காரரான ராப்பர் லில் வெய்னைக் கூப்பிடாமல் கென்ட்ரிக்கைக் கூப்பிட்டுவிட்டார்கள். யார் பாட்டைக் கேட்டு வளர்ந்தேனோ அவரையே என் உழைப்பு வருத்திவிட்டது என்கிறார். வாழ்த்தியது மூத்த ராப்பர் நாஸ் ஒருவர்தான் என்று வேறு சொல்லிக் காட்டுகிறார். ஜெயித்தவர் மொய்க் கணக்கு பார்க்க வேண்டுமா? வேண்டாம்தான். ‘பீக்கபூ’ என்ற பாட்டுக்கும் நான் வக்காலத்து வாங்க மாட்டேன், ஒரே வரியை வைத்துக்கொண்டு உருட்டுகிறார். நடுவர் அவர்களே, இந்த இரண்டையும் எதிரணிக் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனால் பெயர் தெரியாத பையன்கள் என்றாரே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. யாருக்குப் பெயர் தெரியாது? நமக்குத் தெரியாது, அவர்கள் ஊருக்குத் தெரியுமே! 2024 ஜூன் 19 அன்று லாஸ் ஏஞ்சல்ஸை ஒட்டிய இங்கிள்வுட்டில் கென்ட்ரிக் ஒரு கச்சேரி நடத்தினார். லாஸ் ஏஞ்சல்ஸ் பேட்டை ராப்பர்களையெல்லாம் அந்த மேடையில் ஏற்றினார். அந்த மேடையின் தொடர்ச்சிதான் நவம்பர் 22 அன்று முன்னறிவிப்பே இல்லாமல் வந்த இந்த 12 பாட்டும். ஆல்பத்தின் பெயரைத் தாங்கிய பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். ஹிட்டா ஜே3, யங்த்ரெட், பேசோ மூவருக்கும் சரணங்களைக் கொடுத்துவிட்டு இவர் ஹூக்கோடு, அதாவது திரும்பத் திரும்ப வரும் பல்லவியோடு, ஒதுங்கிக்கொள்கிறார். தன் பெயரில் டிக்கெட் விற்கும் கச்சேரியில் தலைப்புப் பாட்டை அடுத்தவருக்குக் கொடுக்கிற வித்வான் நம் சபாக்களில் எத்தனை பேர்? சும்மா கேட்டேன், பதில் வேண்டாம்.

இன்னொன்றும் கேளுங்கள். ஆல்பம் திறக்கும்போது முதலில் கேட்பது கென்ட்ரிக்கின் குரல் அல்ல. டெய்ரா பரேரா என்ற மரியாச்சி (மெக்சிகோ நாட்டுப்புற இசை) பாடகி ஸ்பானிய மொழியில் பாடுகிறார். 2024 அக்டோபர் கடைசியில் லாஸ் ஏஞ்சல்ஸின் டாட்ஜர் ஸ்டேடியத்தில், மறைந்த பேஸ்பால் வீரர் ஃபெர்னாண்டோ வலென்சுவேலாவுக்கு அஞ்சலியாகப் பாடினாரே, அவர்தான். ஒரே மாதத்துக்குள் மூன்று பாட்டில் அவர் குரல் வந்துவிட்டது. மெக்சிகோ வம்சாவளியினர் பெரும் எண்ணிக்கையில் வாழும் ஊர் அது. ஊரைப் பாடுகிறேன் என்று வாயால் சொல்லிவிட்டுப் போகாமல், ஊர்க்குரலையே வாசலில் நிறுத்தியிருக்கிறார்.

சரி, இலேசு என்றார்களே, அதற்கு வருகிறேன். ‘ரீஇன்கார்னேட்டட்’ பாட்டை முழுக்கக் கேட்டீர்களா தோழரே? மறைந்த ராப்பர் டூபாக்கின் பழைய பீட் மேல் மூன்று பிறவிகள். முதலில் பேராசையில் அழிந்த கிதார் கலைஞன். அடுத்தது போதையில் உயிரை விட்ட பாடகி. மூன்றாவது கென்ட்ரிக்கே, தந்தையோடு வாக்குவாதத்தில். நான் இவ்வளவு நல்லது செய்தேனே என்று மகன் அடுக்க அடுக்க, தந்தை மடக்கிக்கொண்டே வருகிறார். போகப் போகத்தான் புரிகிறது, அந்தத் தந்தை கடவுள், மகன் விழுந்துபோன தேவதூதன்! டிரேக்கை விட்டுத்தள்ளுங்கள், தன் கர்வத்தையே கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்கிற பாட்டு இலேசா?

அப்புறம் ‘ஹார்ட் பார்ட் 6’. ஸ்கூல்பாய் கியூ, ஜே ராக், ஆப்-சோல், இவர் நால்வரும் சேர்ந்த பிளாக் ஹிப்பி ராப் குழு ஏன் மேலே போகவில்லை என்று ரசிகர்கள் வருடக்கணக்கில் கேட்டார்கள். காரணம் நான்தான் என்று இதில் வெளிப்படையாகச் சொல்கிறார். கூட இருந்தவனோடு மனக்கசப்பு என்றால் சமூக வலைத்தளத்தின் உசுப்பேற்றலைக் கேட்காதே, போனை எடுத்துப் பேசு என்கிறார். முதல் பாட்டில் மொய்க் கணக்கு பார்த்த அதே ஆள்!

நடுவர் மணியைத் தொட்டுவிட்டார், முடிக்கிறேன். கடைசிப் பாட்டு ‘குளோரியா’, கூடப் பாடுபவர் பாடகி சிசா. ஊடலும் கூடலுமாக ஒரு காதலியைப் பற்றிப் பாடுவதாக நினைத்துக் கேட்டுக்கொண்டே போனால், முடிவில்தான் அந்தக் காதலி அவருடைய பேனா என்று தெரிகிறது. அடுத்துப் பேச வரும் எதிரணித் தோழர் இதில் என்ன குறை கண்டார் என்பதை மட்டும் சொல்லிவிட்டு, பிறகு ‘பீக்கபூ’வுக்குப் போகட்டும். நன்றி, வணக்கம்.