அந்த எட்டு நாள் தோமா எங்கே இருந்தார்?

[காட்சி: பரங்கிமலை உச்சி, காலை வெயில். விமானம் இறங்கும் சத்தம்.]

வணக்கம். சென்னை பரங்கிமலை மேலே நிற்கிறேன். கீழே விமான நிலைய ஓடுபாதை, எனக்குப் பின்னால் 1523இல் போர்த்துகீசியர் கட்டிய தேவாலயம். இயேசுவின் சீடர் தோமாவை ஈட்டியால் குத்திக் கொன்ற இடம் இது என்பது பரம்பரையாக வரும் நம்பிக்கை. அவர் இந்தியாவுக்கு வந்தாரா என்றே வரலாற்றாளர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். தோமாவின் மலைக்கே சந்தேகம்! பொருத்தம்தான்.

ஞாயிறு பள்ளியில் எங்களுக்கு அவர் 'சந்தேகத் தோமா'. அவரைப்போல இருக்கக்கூடாது, அவ்வளவுதான் பாடம்.

கல்லூரி நாளில் ஒரு வாலிபர் கூட்டம். நண்பன் ஒருவன் எழுந்து கேட்டான்: "அம்மாவுக்காக மூணு மாசம் உபவாசம் இருந்து ஜெபிச்சோமே, அப்புறம் ஏன் செத்துப்போனாங்க?" நடத்தியவர் மைக்கை வாங்கி, "சந்தேகம் பிசாசு தர்றது பிரதர், ஒரு பாட்டுப் பாடலாம்" என்றார். கிட்டார் ஆரம்பித்தது. அடுத்த வாரம் அவன் வரவில்லை.

[காட்சி: யோவான் 20ஆம் அதிகாரம், விரல் வரிகளைத் தொட்டு நகர்கிறது.]

இப்போது வேதத்தையே பார்ப்போம். உயிர்த்தெழுந்த இயேசு சீடர்களிடம் வந்தபோது தோமா அங்கே இல்லை. மற்றவர்களுக்கு அவர் தம் கைகளையும் விலாவையும் காட்டினார். அதன் பிறகே அவர்களுக்குச் சந்தோஷம். கல்லறைக்குப் போன பெண்கள் வந்து சொன்னதை இதே ஆட்கள் வீண்பேச்சு என்று ஒதுக்கியதை லூக்கா எழுதிவைத்திருக்கிறார். ஆக, மற்றவர்களுக்குக் கிடைத்ததைத்தான் தோமாவும் கேட்டார். பட்டப்பெயர் மட்டும் அவருக்கு.

"காயத்தில் விரலை இடாமல் நம்பமாட்டேன்." இதைச் சொன்ன பிறகு எட்டு நாள் ஒன்றுமே நடக்கவில்லை. தரிசனம் இல்லை, பதில் இல்லை. அப்புறம் ஒரு சின்ன வரி, நான் பல வருஷம் கவனிக்காமல் தாண்டிப்போனது: "தோமாவும் அவர்களுடனேகூட இருந்தான்."

அவரும் கோபித்துக்கொண்டு போகவில்லை, அவர்களும் வெளியே தள்ளவில்லை. அந்த வாரம் பந்தியில் என்ன பேசியிருப்பார்கள்? பத்துப் பேருக்குக் கொண்டாட்டம், ஒருவர் மட்டும் வாய் திறக்காமல் அப்பம் பிட்டுக்கொண்டிருந்திருப்பார். எளிதாக இருந்திருக்காது.

[காட்சி: இத்தாலிய ஓவியர் கரவாஜியோவின் ஓவியம், காயத்துக்குள் தோமாவின் விரல்.]

எட்டு நாள் கழித்து இயேசு மறுபடி வந்து, தோமாவிடம் காயத்தைத் தொடச் சொன்னார். இந்த ஓவியம் புகழ்பெற்றது. ஆனால் அவர் தொட்டதாக யோவான் எழுதவே இல்லை. "என் ஆண்டவரே, என் தேவனே" என்றார், அவ்வளவுதான்.

எட்டு நாளில் தீராத கேள்விகளும் உண்டு. அன்னை தெரசா இறந்து பத்து ஆண்டு கழித்து, 2007இல் அவருடைய கடிதங்கள் புத்தகமாக வந்தன. தேவன் அருகில் இருப்பதையே உணர முடியவில்லை, உள்ளே இருட்டுதான் என்று பல பத்தாண்டுகள் தம் ஆன்மிக வழிகாட்டிகளுக்கு எழுதியிருக்கிறார். அந்தக் கடிதங்களை அழித்துவிடவும் கேட்டிருக்கிறார். 2016இல் கத்தோலிக்கத் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது, இவ்வளவும் தெரிந்தேதான்.

[காட்சி: பரங்கிமலை ரயில் நிலைய நடைமேடை, மாலை.]

அந்த நண்பனை ஆறு வருஷம் கழித்து, இந்த மலைக்குக் கீழே ஸ்டேஷனில் பார்த்தேன். அவன் கேள்விக்கு என்னிடம் இன்னும் பதில் இல்லை, அதையே சொன்னேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்தான். பிறகு அம்மாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தான். தாம்பரம் போகும் மூன்று ரயிலை விட்டுவிட்டோம்.