பார்ன்ஸைச் சாய்த்தது காய்ச்சலே!

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்க ஆட்டக்காரர் ராஸ் பார்ன்ஸின் பேஸ்பால் வாழ்வை முடித்தது விதி மாற்றமா, காய்ச்சலா? இதுதானே தலைப்பு.

எதிரணித் தலைவர் இரண்டு எண்களை வீசிவிட்டு உட்கார்ந்தார். 1876, அமெரிக்காவின் நேஷனல் லீக் போட்டித் தொடரின் முதல் சீசன், சிகாகோ அணியில் பார்ன்ஸின் மட்டைச் சராசரி .429. அதாவது ஆயிரம் வாய்ப்புக்கு 429 ஹிட், பேஸில் கொண்டு சேர்க்கும் அடி, என்ற கணக்கு. மறு வருஷம் விதி மாறியது; .272. சரி ஐயா, ஆட்டங்களின் எண்ணிக்கையை ஏன் விழுங்கிவிட்டீர்கள்? முன்னது 66 ஆட்டம். பின்னது வெறும் 22! சீசனின் பெரும்பகுதி மனுஷன் குளிர்காய்ச்சலில் கிடந்தார்.

விதி என்ன என்று பார்ப்போம். அன்று பந்து முதலில் எங்கே குத்துகிறது என்பதே கணக்கு. மட்டைக்காரர் நிற்கும் இடமான ஹோம் பிளேட்டுக்கு முன்னால், அங்கிருந்து முதல் பேஸுக்கும் மூன்றாம் பேஸுக்கும் போகும் இரண்டு கோட்டுக்குள் குத்திவிட்டால் போதும். பிறகு சுழன்று வெளியே ஓடினாலும் அது நல்ல பந்துதான். பார்ன்ஸ் மட்டையை மேலிருந்து கீழே வெட்டுவார். பந்து தரையில் குத்தி, மூன்றாம் பேஸுக்கு வெளியே சீறிப் போகும். துரத்துகிறவன் திரும்புவதற்குள் இவர் பேஸில் நிற்பார். சும்மா வந்துவிடுகிற அடியா இது? இம்மி தவறிக் கோட்டுக்கு வெளியே குத்தினால் ஃபவுல், அதாவது செல்லாத அடி. அதை ஒரு குத்துக்குப் பின் பிடித்தாலும் அவுட். இந்த வெட்டடிக்குப் பயந்து மூன்றாம் பேஸைக் காப்பவர் கோட்டோரம் ஒதுங்குவார். உடனே அவருக்கும், இரண்டாம் மூன்றாம் பேஸ்களுக்கு இடையே நிற்கும் ஷார்ட்ஸ்டாப்புக்கும் நடுவே வாசல் திறக்கும், அடுத்த பந்து அந்த வழியே போகும்.

1877இல், பந்து முதல் பேஸையோ மூன்றாம் பேஸையோ தாண்டும்வரை கோட்டுக்குள் இருக்க வேண்டும் என்றார்கள். வாசல் மூடியது. நஷ்டம்தான், மறுக்கவில்லை.

ஆனால் அவர் வெட்டடி மட்டும் தெரிந்தவரா? பாஸ்டன் அணி 1872 முதல் 1875 வரை தொடர்ந்து நான்கு பட்டம் வென்றபோது, கையுறை இல்லாத அந்தக் காலத்தில், இரண்டாம் பேஸைக் காத்த கை அவருடையது. 1876இல் 66 ஆட்டத்தில் 126 ரன் ஓடிய கால் அவருடையது. காய்ச்சலிலிருந்து எழுந்து வந்தவரிடம் பழைய வலுவும் இல்லை, துள்ளலும் இல்லை. மட்டை விதி மாறினால் மட்டை தடுமாறலாம், காலுமா தளரும்?

“1879இல் சின்சினாட்டிக்கு 77 ஆட்டம் ஆடினாரே, அப்போதும் .266 தானே?” என்பார்கள். உடம்பு தேறாதவர் எத்தனை ஆட்டம் ஆடினால் என்ன? 1881இல் பாஸ்டனோடு கதை முடிந்தது. மொத்தம் ஒன்பது சீசன். பேஸ்பால் மேதைகளைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் இடம்பெறப் பத்து வேண்டும். அந்த ஒன்றுதான் இடிக்கிறது.

கடைசியாக ஒரே சாட்சி, நடுவர் அவர்களே. ஆடாத நாட்களுக்காக சிகாகோ கிளப் அவர் சம்பளத்தில் 1000 டாலரைப் பிடித்துக்கொண்டது. பார்ன்ஸ் வழக்குப் போட்டார், தோற்றார். பிடித்தது எதற்காக? வெட்டடி போனதற்கா? படுத்துக் கிடந்ததற்கு!