றங்குப் பெட்டிக்குள் இருக்கும் ஊர் வரலாறு

(வெள்ளவத்தையில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

தலைவர் அவர்களே, பெரியோர்களே, இளையவர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

1933இல் யாழ்ப்பாணத்தில் க. மு. செல்லப்பா என்பவர் தம் வீட்டுப் புத்தகங்களை ஊரவர் வாசிக்கக் கொடுக்கத் தொடங்கினார். மறு வருடம் ஓகஸ்ட் மாதம் ஆஸ்பத்திரி வீதியில் அது நூலகமாகத் திறந்தபோது இருந்தவை 844 புத்தகங்களும் முப்பதளவு பத்திரிகை, சஞ்சிகைகளும்தான். அந்தச் சின்னத் தொடக்கம்தான் யாழ்ப்பாணப் பொது நூலகம். 1981 மே 31 இரவு அதற்குத் தீ வைத்தபோது அங்கே ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் இருந்தன.

கடையில் கிடைக்கிற புத்தகத்தைத் திரும்பவும் வாங்கலாம். ஒரே ஒரு பிரதியாக இருந்த ஏட்டை, ஊருக்குள் மட்டும் அச்சடித்துப் பகிர்ந்த சிறு வெளியீட்டை எங்கே போய் வாங்குவது? இரண்டு வருடம் கழித்து, 1983 ஆடியில், கொழும்பில் நம்மவர் வீடுகள் எரிந்தன. உயிர்களையும் சொத்தையும் பற்றிப் பேசுகிறோம், பேசத்தான் வேண்டும். அந்த வீடுகளின் அலுமாரிகளில் இருந்த கடிதக் கட்டுகள், கலியாணப் படங்கள், காணி உறுதிகள் பற்றிப் பேசுவது குறைவு.

கொழும்புக்குச் சேகரிப்பு புதிதல்ல. ஒல்லாந்தர் காணிகளையும் குடும்பங்களையும் பதிந்து வைத்த தோம்புகள் இன்றும் தேசிய சுவடிகள் கூடத்தில் இருக்கின்றன. வருமானத்துக்காக எழுதிய பதிவில் இன்றைக்குப் பேரப்பிள்ளைகள் தங்கள் பரம்பரையைத் தேடுகிறார்கள். கற்பிட்டியில் பிறந்த சைமன் காசிச்செட்டி, முப்பது வயதாகுமுன்பே, 1834இல், இலங்கையின் ஊர்களையும் இடங்களையும் அகரவரிசைப்படுத்தி ஆங்கிலத்தில் ஒரு விவரத் தொகுப்பு வெளியிட்டார். தனி மனிதர் ஒருவருடைய உழைப்பு அது. நம் ஊர் வரலாற்றுச் சேகரிப்புக்கு மூலவர் யாரென்று கேட்டால் நான் அவரைத்தான் சொல்லுவேன்.

1877இல் கொழும்பு நூதனசாலை திறந்தது. 1885இல் வந்த அச்சகச் சட்டத்தின்படி நாட்டில் அச்சாகும் நூல்களின் பிரதிகள் அதன் நூலகத்துக்குச் சேரத் தொடங்கின. பெரிய காரியம். ஆனாலும் கோயில் திருவிழா நோட்டீசையும் வாசிகசாலைக் கணக்குக் கொப்பியையும் எந்தச் சட்டமும் கொண்டுவந்து சேர்க்காது. அதைச் செய்ய ஊர் மனிதர்தான் வேண்டும். 1942இல் தொடங்கிய கொழும்புத் தமிழ்ச் சங்கம் தன் நூலகத்தை வளர்த்ததும், 2005இல் தன்னார்வலர்கள் இணையத்தில் ‘நூலகம்’ என்ற எண்ணிம நூலகத்தைத் தொடங்கியதும் அப்படி வந்த முயற்சிகள்தான்.

இனி, உங்கள் எல்லோர் வீட்டிலும் இருக்கிற ஒரு பொருளைப் பற்றிச் சொல்கிறேன். முப்பத்தோராம் நாளில் கையில் தருவார்களே, நினைவு மலர். மட்டையில் இறந்தவரின் படம், தோற்றம், மறைவு. உள்ளே தேவாரம், திருவாசகம். அதை வாசித்துவிட்டு மேசையில் வைத்துவிடுவோம். கொஞ்சம் பொறுமையாக உள்ளே போய்ப் பாருங்கள். பிறந்த ஊர், படித்த பள்ளிக்கூடம், எழுதுவினைஞராகக் கொழும்புக்கு வந்த வருடம், முதலில் தங்கிய வாடகை அறை இருந்த ஒழுங்கை, பெண் எடுத்த ஊர், இடமாற்றமாகிப் போன கச்சேரிகள் என்ற அரச அலுவலகங்கள், பிள்ளைகள் இன்றைக்கு இருக்கும் நாடுகள். பின் பக்கங்களில் வம்சாவழி. சிலவற்றில் குலதெய்வக் கோயிலின் கதையும் இருக்கும். ஒரு மலர் ஒரு குடும்பத்தைச் சொல்லும். இருநூறு மலர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், எந்த ஊரவர் எந்தக் காலத்தில் வெள்ளவத்தைக்கும் கொட்டாஞ்சேனைக்கும் வந்தார்கள், என்ன வேலைக்கு வந்தார்கள், எப்போது கடல் கடந்தார்கள் என்பதெல்லாம் தெரியவரும். துக்கத்திலும் அன்போடு எழுதியது என்பதால் இறந்தவரின் குறைகள் அதில் இருக்காது. ஆராய்ச்சி செய்பவர் அதை நினைவில் வைத்துக்கொண்டு வாசிக்க வேண்டும். அதற்காக அதன் மதிப்பு ஒன்றும் குறைந்துவிடாது.

இப்போது எனக்குள்ள பயம் நெருப்பைப் பற்றியதல்ல. பெற்றோர் போன பிறகு வீட்டை விற்கிறார்கள், பிளட் கட்டுகிறார்கள். பிள்ளைகள் கனடாவிலிருந்து இரண்டு கிழமை லீவில் வந்து வீட்டை ஒதுக்குகிறார்கள். நகை, உறுதி இரண்டையும் எடுத்துக்கொள்கிறார்கள். றங்குப் பெட்டியில் கிடக்கும் கடுதாசிகள் பழைய பேப்பர், போத்தல் எடுக்க வருபவரிடம் போகின்றன. அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. இது யாருக்குத் தேவை என்று அவர்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை. அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன்: எறியுமுன் ஒரு தடவை, இவற்றைச் சேகரிக்கும் எங்களைக் கூப்பிடுங்கள். எது தேவை, எது தேவையில்லை என்று நீங்களே முடிவெடுத்துவிடாதீர்கள். கடை பில், பள்ளிக்கூட றிப்போட், கலியாண அழைப்பிதழ், சங்கக் கூட்ட அறிக்கை, எல்லாம் வேண்டும்.

அதைவிட அவசரமான வேலை ஒன்று இருக்கிறது. பெயர் இல்லாத படத்தால் சேகரிப்புக்குப் பெரிய பயன் இல்லை. வீட்டில் எண்பது வயதுக்காரர் இருந்தால், ஒரு பின்னேரம் அல்பத்தை எடுத்துப் பக்கத்தில் இருங்கள். இடமிருந்து வலமாக யார் யார், எந்த இடம், ஏறக்குறைய எந்த வருடம் என்று அவர் சொல்லச் சொல்ல, படத்தின் பின்புறத்தில் மெல்லியதாகப் பென்சிலால் எழுதுங்கள். போல்பொயின்ற் பேனை வேண்டாம், அழுத்தினால் முன்பக்கத்தில் தழும்பு விழும். கிழிந்ததை ரேப் போட்டு ஒட்ட வேண்டாம், சில வருடத்தில் மஞ்சளாகிக் கடுதாசியைக் கெடுத்துவிடும். லமினேற் பண்ணவே வேண்டாம். எழுதியவற்றைக் கொண்டுவாருங்கள். ஸ்கான் செய்துகொண்டு, மூலத்தை உங்களிடமே திருப்பித் தருகிறோம்.