ஞாயிற்றுக்கிழமை நாகர்கோவில்

நேயர்களுக்கு வணக்கம். பிழைக்க வந்தவர்கள் ஒரு நகரத்தின் சூழலை எப்படி உணர்கிறார்கள், எப்படி மாற்றுகிறார்கள் என்று பேச அழைத்திருக்கிறார்கள். இதற்கு ரொம்ப தூரம் போக வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நம் நாகர்கோவிலின் வடசேரியிலோ கோட்டாறு ரயில் நிலையப் பக்கமோ ஒரு நடை நடந்தால் போதும்.

அஸ்ஸாமின் திப்ரூகரிலிருந்து கன்னியாகுமரிக்கு வரும் விவேக் எக்ஸ்பிரஸ் 2011-இல் ஓடத் தொடங்கியது. 4,000 கிலோமீட்டருக்கு மேல், மூன்று நாளுக்கும் மேலாகும் பயணம், இந்தியாவிலேயே அதிக தூரம் ஓடும் ரயில். அஸ்ஸாம், வங்காளம், ஒடிசா என்று வழிநெடுக ஏறுகிற பையன்களில் கேரளத்தில் இறங்கியவர்கள் போக மற்றவர்கள் நம் ஊருக்கு வருகிறார்கள். வாரத்தில் ஆறு நாள் அவர்கள் நம் கண்ணில் படுவதே இல்லை, கட்டடத்தில் சாரத்தின் மேல் நிற்பார்கள் அல்லது ஓட்டல் அடுப்படியில் வெந்துகொண்டிருப்பார்கள். ஏழாவது நாள்தான் ஊருக்குள் நடமாடுகிறார்கள்.

அன்றைக்கு ஊரின் சத்தமே வேறு. நான் மீன் வாங்கும் சந்தையில் ஒரு அக்கா இருக்கிறார், கடல் மீன் தவிர வேறெதையும் தொட்டதில்லை. இப்போது ஞாயிறு மட்டும் தனிக் கூடையில் ரோகு, கட்லா என்ற ஆற்று மீன்களும் வைக்கிறார். வங்காளப் பையன்கள் செவுளைத் தூக்கிப் பார்த்து, வயிற்றை அமுக்கிப் பார்த்து, விலையில் ஐந்து ரூபாய்க்குச் சண்டை போட்டு வாங்குகிறார்கள். அக்கா இந்தியில் எண்ணுகிறார், பையன் தமிழில் "கொறைங்க அக்கா" என்கிறான். பக்கத்து மளிகைக் கடையில் கடுகு எண்ணெய் பாட்டில் நல்லெண்ணெய்க்கு அருகிலேயே நிற்கிறது.

அவர்களுக்கு இந்த ஊர் எப்படித் தெரிகிறது? ஒடிசாப் பையன் ஒருவனிடம் கேட்டேன். பேருந்துப் பலகையைப் படிக்கத் தெரியாது, மணிமேடைக் கடிகாரம் கண்ணில் பட்டால் இறங்கிவிடுவானாம். வெயில் பரவாயில்லை, யாராவது உரக்கப் பேசினால்தான் பயம் என்றான், திட்டுகிறார்களா சாதாரணமாகப் பேசுகிறார்களா என்று புரிவதில்லையாம். நாம் எவ்வளவு சத்தமாகப் பேசுகிற ஆட்கள் என்பது அவன் சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது.

"ஊரு முன்ன மாதிரி இல்ல, எங்க பாத்தாலும் கூட்டமா நிக்கிறானுவ" என்று குறைப்படுகிறவர்கள் உண்டு. ஒரே அறையில் பத்துப் பேர் படுத்தால், அம்மாவிடம் வீடியோவில் பேசத் தெருவுக்குத்தானே வர வேண்டும்? சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டில் ஞாயிற்றுக்கிழமை கூட்டமாக நிற்பது யார்? நம் பிள்ளைகள்தான். 2013 டிசம்பரில் அங்கே ஒரு தமிழ்த் தொழிலாளி பேருந்தில் அடிபட்டு இறந்து, அதை ஒட்டிக் கலவரம் நடந்து, அப்புறம் மது விற்பனைக்குக் கட்டுப்பாடு வந்து, காவலும் கூடியபோது, ஊரிலிருந்த நமக்கு நெஞ்சு பதறியது. அதே பதற்றம் 2023 மார்ச்சில் இந்தப் பையன்களின் வீடுகளில் இருந்தது. தமிழ்நாட்டில் வட மாநிலத் தொழிலாளர்களை அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவிய நேரம் அது. காவல்துறை மறுத்தது, ஆனாலும் எத்தனையோ பேர் பெட்டியைக் கட்டிவிட்டார்கள். யாரும் ஒரு கல்லைக்கூட எறியாமலே தெருவைப் பயம் பிடித்துக்கொள்ள முடியும்.

எனக்கு இதில் ஒரு கோரிக்கை உண்டு. இந்தப் பையன்கள் கூடுகிற இடம் எது என்று எல்லோருக்கும் தெரியும். அங்கே நாலு பெஞ்சு, ஒரு குடிநீர்க் குழாய், ஒரு கழிப்பறை, இரவு பத்து மணி வரை நல்ல வெளிச்சம், இவ்வளவு செய்து கொடுங்கள். பெஞ்சு போட்டால் நம் பெரியவர்களும் உட்காருவார்கள், சாயா விற்கிறவருக்கும் வியாபாரம் நடக்கும். வார்டு உறுப்பினர்கள் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால், அடுத்த மாமன்றக் கூட்டத்திலேயே இதைப் பேசுங்கள்.